வெளிநாட்டவராகப் பஞ்சாபில் லோஹ்ரி கொண்டாடிய அனுபவம் எப்படி இருந்தது?

நான் யாழ்ப்பாணத்துக்காரி. மேற்படிப்புக்காக லூதியானாவில் ஒரு வீட்டு மாடியில் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்தேன். லோஹ்ரி அங்கே ஜனவரியில் தீ மூட்டிக் கொண்டாடும் அறுவடைத் திருநாள். பார்த்த இரண்டு லோஹ்ரியில் மனதில் நிற்பது 2018 ஜனவரி 13தான். அந்த வருடம் கீழ் வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது.

பகல் முழுக்க மூடுபனி. இருட்டியதும் வாசலில் விறகடுக்கித் தீ மூட்டினார்கள். வீட்டுப் பாட்டியை எல்லாரும் பீஜி என்போம். அவர் என் இரண்டு கையிலும் நிலக்கடலை, சோளப்பொரி, எள் ஒட்டிய ரேவடி மிட்டாய் என்று அள்ளி வைத்தார். கொஞ்சம் தீக்கு, மீதி வாய்க்கு. எள் விழுந்ததும் படபடவென வெடித்தது. வளம் வரட்டும், தரித்திரம் போகட்டும் என்று சொல்லித்தான் அதைப் போடுகிறார்கள். தரித்திரத்துக்கு அவர்கள் சொல்லும் சொல்லும் நம் சொல்லும் ஒரே வேர்தான், கேட்டதுமே புரிந்துவிட்டது.

அப்புறம் பிள்ளைகள் "சுந்தர் முந்த்ரியே" பாடினார்கள். ஒவ்வொரு அடி முடிவிலும் எல்லாரும் சேர்ந்து "ஹோ!" பாட்டின் நாயகன் துல்லா பட்டி, அக்பர் காலத்தில் முகலாயரை எதிர்த்து லாகூரில் தூக்கிலிடப்பட்டவன். ஆதரவற்ற பெண்களை மீட்டு, தகப்பன் இடத்தில் நின்று ஒரு சேர் சர்க்கரை சீராகக் கொடுத்துக் கல்யாணம் செய்துவைத்தான் என்பது கதை.

பாட்டு இப்படியிருக்க, பிறந்த குழந்தையின் முதல் லோஹ்ரியை ஆண் பிள்ளைக்கு மட்டுமே பெரிதாகக் கொண்டாடுவதுதான் பழைய வழக்கமாம். இப்போது பல வீடுகளில் மகள்களுக்கும் செய்கிறார்கள். பேத்தியைச் சால்வையில் பொதிந்து மடியில் வைத்திருந்த பீஜி, "என் மூன்று மகள்களுக்கும் யாரும் தீ மூட்டவில்லை, பிள்ளை" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. அந்தப் பாட்டுக்கு உரிய லோஹ்ரி இதுதான் என்று எனக்குப் பட்டது.

அறுவடைத் திருநாள் என்றாலும் கோதுமை அப்போது பச்சையாகத்தான் நிற்கும், அறுப்பு ஏப்ரலில். ஜனவரியில் வெட்டுவது கரும்பு. அந்தச் சாற்றில் அரிசி வேகவைத்து, கீர் என்ற பாயசமாக்கி, ஆறவிட்டு, மறுநாள் மாகி பண்டிகையன்று தயிரோடு சாப்பிடுகிறார்கள். அன்று எங்களுக்குத் தைப்பொங்கல். நான் மாடியில் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கீழே கொண்டுபோனேன். பீஜி ஒரு வாய் வைத்துவிட்டு, "இது நம்ம கீர்தானே, ஏன் சூடாக இருக்கு?" என்று கேட்டார்.