தறிக் குடோனுக்குள் டென்ட் போட்டுச் செடி வளர்க்கலாமா?

கேள்வி: பல்லடம் பக்கத்தில் எங்கள் ஊர். தறியை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது, சிமெண்ட் சீட் போட்ட குடோன் சும்மா கிடக்கிறது. வீட்டுக்குள் செடி வளர்க்கிற டென்ட் என்று ஆன்லைனில் விற்கிறார்களே, அதில் நாலுக்கு நாலு அடியில் ஒன்று வாங்கி, எல்இடி விளக்குப் போட்டு லெட்டூஸ், குடமிளகாய், ஸ்ட்ராபெரி வளர்த்துக் கோயமுத்தூர் கடைகளுக்குக் கொடுக்கலாம் என்று ஆசை. எந்த டென்ட் நல்லது? எத்தனை வாட் விளக்கு வேண்டும்? போர்த் தண்ணீர் போதுமா?

பதில்: தம்பி, டென்டுக்கு அப்புறம் வருகிறேன், முதலில் உங்கள் குடோனைப் பற்றிப் பேசிவிடலாம். இந்த டென்ட் என்பது உள்பக்கம் கண்ணாடி போலப் பளபளக்கிற தாள் ஒட்டிய ஒரு துணிப்பெட்டி, அவ்வளவுதான். பனிக்காலத்தில் சூரியனையே பார்க்க முடியாத குளிர்நாடுகளில், உள்ளே விளக்கைப் போட்டு அந்த விளக்கின் சூட்டையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளப் பயன்படுத்துகிறார்கள். நமக்கு வெளிச்சம் வாசலில் கொட்டிக் கிடக்கிறது, சூடுதான் தொந்தரவு. உள்ளே எரிகிற விளக்கு 200 வாட் என்றால் அந்த 200 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் மாறும். விசிறி அதை வெளியே தள்ளும், ஆனால் பதிலுக்கு உள்ளே வருவது அறைக் காற்றுதானே. அதனால் ஏசி வைக்காதவரை, விளக்கு எரிகிற நேரத்தில் டென்டுக்குள் அறையை விட இரண்டு மூன்று டிகிரி கூடத்தான் இருக்கும். சித்திரை மாதம் மத்தியானம் மூன்று மணிக்குச் சீட்டுக்கு அடியில் நின்று பாருங்கள், தறி ஓட்டின காலத்தில் அந்த வெக்கை உங்களுக்குப் பழகியிருக்கும், லெட்டூஸுக்குப் பழகாது. அது 18 முதல் 24 டிகிரிக்குள் சுகமாக வளரும் செடி. 28-ஐத் தாண்டினால் பூத்தண்டு விட்டு இலை கசந்துபோகும், 30-க்கு மேல் போனால் விதையே சரியாக முளைக்காது.

ஆகவே இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். அதிகபட்ச வெப்பத்தையும் குறைந்தபட்ச வெப்பத்தையும் ஞாபகம் வைத்துக்கொள்கிற, ஈரப்பதமும் காட்டுகிற சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், அதை மட்டும் வாங்கி குடோனில் நெஞ்சு உயரத்துக்குத் தொங்கவிட்டு ஒரு வாரம் எழுதி வையுங்கள். மத்தியானம் 3 மணி, விடியற்காலை 6 மணி, இரண்டும் வேண்டும். மத்தியானக் கணக்கு 35-ஐத் தாண்டுகிறது என்றால் குடோன் முழுவதையும் குளிர வைக்கப் பார்க்காதீர்கள், கட்டுப்படியாகாது. வடகிழக்கு மூலையில் பத்துக்குப் பத்து அளவில் ஒரு தடுப்பு எழுப்பி, அதற்கு மட்டும் தெர்மோகோல் வைத்த பொய்க்கூரை போட்டு, மேலே சீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து அதன்மேல் தென்னங்கீற்றும் பரப்பிவிட்டால் மத்தியான வெக்கை கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கும். தண்ணீர் ஊற்றுகிற ஏர் கூலர் மாசி முதல் வைகாசி வரை காற்று காய்ந்திருப்பதால் நன்றாக வேலை செய்யும், ஐப்பசி கார்த்திகை மழையில் அதே கூலர் ஈரத்தைக் கூட்டிப் பூஞ்சணத்தைத்தான் கொண்டுவரும், அப்போது நிறுத்திவிட வேண்டும். உங்களுடையது காற்றாலை சுற்றுகிற சீமை. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று மேற்குச் சுவரில் வந்து மோதும். மேற்கே ஒரு ஜன்னலும் எதிர்ச்சுவரில் ஒரு திறப்பும் இருந்தால் அந்த மூன்று நான்கு மாதமும் கூலர், ஏசி எதுவும் தேவைப்படாமலே பல நாள் ஓட்டிவிடலாம்.

இன்னொன்று, தறி ஓட்டின இடம் என்பதால் சொல்கிறேன். விட்டத்திலும் சுவர் மூலையிலும் பஞ்சுத் தூசி படிந்து தொங்கும். விசிறி ஓட ஆரம்பித்ததும் அத்தனையும் வலையில் வந்து அடைக்கும், ஒயர் சூடானால் முதலில் தீப்பிடிப்பதும் அதுதான். டென்ட் வருவதற்கு முன்னால் ஒட்டடை அடித்து, தரையைக் கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.

சரி, என்ன வளர்ப்பது? குடமிளகாயை விட்டுவிடுங்கள். நாலுக்கு நாலு டென்டில் நாலு செடிக்கு மேல் வைக்க முடியாது, செடிக்கு மூன்று கிலோ காய்த்தாலும் மொத்தம் 12 கிலோ. அதற்கு 450 வாட் விளக்கை ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வீதம் 120 நாள் எரித்தால் 650 யூனிட் ஆகிறது, விசிறிக் கணக்கு தனி. ஓசூர், தளி பக்கம் பசுமைக்குடிலில் வெயிலை வைத்து வளர்க்கிறவர்களோடு நீங்கள் போட்டி போட முடியாது. ஸ்ட்ராபெரிக்குக் குளிர்ந்த ராத்திரி வேண்டும், நமக்கு மார்கழியும் தையும்தான் அது. லெட்டூஸ் டென்டில் வரும், நன்றாகவே வரும், ஆனால் நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக இறங்குகிற சரக்கின் விலையைக் கோவை மார்க்கெட்டில் ஒரு மாதம் விசாரித்துவிட்டு, அதற்கு மேலே உங்களுக்கு யார் தருவார்கள் என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

எனக்கு நம்பிக்கை இருப்பது இரண்டில். ஒன்று மைக்ரோகிரீன்ஸ், அதாவது முள்ளங்கி, கடுகு, வெந்தயம், சூரியகாந்தி இவற்றை நெருக்கி விதைத்து முதல் இலை விரிந்ததும் அறுக்கிற குருத்துக்கீரை. விதைத்து ஏழிலிருந்து பத்து பன்னிரண்டு நாளில் தட்டு அறுப்புக்கு வந்துவிடும், அதனால் ஒரு தட்டு கெட்டாலும் நஷ்டம் சின்னது. இரண்டாவது, ஒட்டு நாற்று. சுண்டைக்காய் வேர்ச்செடியில் கத்தரியை ஒட்டுக் கட்டி நடுகிற பழக்கம் நம் பக்கம் பரவிக்கொண்டிருக்கிறது. ஒட்டுக் கட்டிய முதல் ஐந்து ஏழு நாள் 25 முதல் 28 டிகிரி சூடு, 85 முதல் 95 சதவிகிதம் ஈரப்பதம், மங்கல் வெளிச்சம், இந்த மூன்றும் கிடைத்தால்தான் காயம் சேரும். திறந்த நிழல்வலையில் நம் காற்றுக்கு இதைக் கொடுப்பது ரொம்பச் சிரமம், வாய் மூடிய ஒரு டென்டில் ஒரு சின்ன ஈரப்பதக் கருவியை வைத்தால் முடிந்தது. கிணத்துக்கடவு, உடுமலை வட்டாரத்துத் தக்காளி, கத்தரிக் காடுகளை நினைத்துப் பார்த்தால், நாற்றாகக் கொடுப்பதில் உங்களுக்கு வாடிக்கை வெளியே தேட வேண்டியதே இல்லை. வீட்டில் யாராவது ஒட்டுக் கட்டப் பழகிக்கொள்ளத் தயாராக இருந்தால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

இனி டென்ட். 120-க்கு 120 செண்டிமீட்டர், உயரம் 200, இதைத்தான் நாலுக்கு நாலு என்று விற்கிறார்கள், தொடங்குவதற்குச் சரியான அளவு. துணியில் 210டி, 600டி, 1680டி என்று போட்டிருப்பார்கள், எண் கூடக் கூட நூல் கனம். உங்களுக்குத் துணியைப் பற்றி நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, கையில் பிடித்தாலே தெரிந்துவிடும், 600-க்குக் கீழே போக வேண்டாம். கம்பி இரும்பாக இருக்கட்டும், அதைவிட முக்கியம் மூலையில் கம்பிகளை இணைக்கிற முட்டி. அது பிளாஸ்டிக்காக இருந்தால் வேண்டவே வேண்டாம். நான் முதலில் வாங்கிய டென்டில் முட்டி பிளாஸ்டிக், விளக்கும் விசிறியும் சேர்ந்து ஏழெட்டுக் கிலோதான் தொங்கியது, ஒரு கோடை தாங்கியது, அடுத்த பங்குனியில் ஒரு ராத்திரி மூலை விண்டு, விளக்கு நாற்றுத் தட்டின்மேல் சாய்ந்து கிடந்தது, நல்லவேளையாக ஒயர் தண்ணீரில் படவில்லை. அதற்கப்புறம் இரும்பு முட்டி இல்லாத டென்டை நான் யாருக்கும் சொல்வதில்லை.

அடுத்தது ஜிப். எல்லா டென்டிலும் முதலில் சாவது இதுதான். பல் பெரியதாக, பின்னால் ஒரு துணிமடிப்பு வைத்துத் தைத்ததாகப் பாருங்கள், வந்ததும் மெழுகுவத்தியை ஜிப் முழுக்க ஒரு தடவை தேய்த்துவிடுங்கள். டென்டை நிறுத்தியபின் பகலில் அறை ஜன்னலைத் திறந்துவிட்டு, நீங்கள் உள்ளே போய் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு, விளக்குப் போடாமல் இரண்டு நிமிடம் நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகப் பழக, தையல் ஓரங்களில் நட்சத்திரம் மாதிரி சின்னச் சின்னப் புள்ளியாக வெளிச்சம் தெரிய ஆரம்பிக்கும். கீரைக்கும் நாற்றுக்கும் அந்த வெளிச்சத்தால் கெடுதல் இல்லை, ஆனால் வெளிச்சம் வருகிற ஓட்டை வழியாகப் பூச்சியும் வரும், டேப் ஒட்டி அடைத்துவிடுங்கள். புதுசில் பிளாஸ்டிக் நெடி அடிக்கும், சில மலிவுப் பிளாஸ்டிக்கிலிருந்து வருகிற ஆவி இளங்குருத்தை வெளிற வைத்துவிடும், அதனால் இரண்டு மூன்று நாள் கதவைத் திறந்துபோட்டு விசிறியை ஓடவிட்டு நெடி போனபின் விதையுங்கள்.

விளக்கு. குருத்துக்கீரைக்கு விலை கூடிய விளக்கே தேவையில்லை. இரண்டடி ஆழத்தில் நாலு தட்டு ராக் ஒன்றை டென்டின் பின்பக்கமாக நிறுத்தினால் மீதி இரண்டடியில் நீங்கள் நின்று வேலை பார்க்கலாம். பத்துக்கு இருபது அங்குல டிரே ஒரு அடுக்குக்கு நாலு, மொத்தம் பதினாறு. ஒவ்வொரு டிரேக்கும் மேலே இரண்டடி நீளமுள்ள சாதாரண 10 வாட் வெள்ளை எல்இடி டியூப் ஒன்று போதும், 14 மணி நேரம் எரித்தால் ஒரு நாளைக்கு இரண்டே கால் யூனிட்டுக்குள் முடியும். லெட்டூஸ்தான் வேண்டும் என்றால் 200 வாட்டில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற வசதியுள்ள எல்இடி பலகை ஒன்று, 16 மணி நேரம், அதாவது 3.2 யூனிட். இலை மட்டத்தில் வெளிச்சத்தை அளக்கிற செல்போன் லக்ஸ் செயலியை வைத்துப் பாருங்கள், வெள்ளை விளக்குக்குப் பதினாறாயிரம், பதினேழாயிரம் லக்ஸ் காட்டினால் லெட்டூஸுக்குச் சரி, குருத்துக்கீரைக்கு அதில் பாதி கூட வேண்டாம். போன் கொஞ்சம் முன்னே பின்னே காட்டும், இந்த வேலைக்கு அது போதும்.

நேரத்தை மாற்றி வையுங்கள், இது நம் ஊருக்கு ரொம்ப முக்கியம். விளக்கு எரியும் நேரம் செடிக்குப் பகல், அது நம் ராத்திரியாக இருக்கட்டும். பொழுது சாய்ந்து 6 மணிக்கு எரிய ஆரம்பித்து மறுநாள் காலை 10 மணிக்கு டைமர் அணைத்துவிட்டால், வெளியே வெக்கை கொதிக்கிற நேரத்தில் உள்ளே விளக்குச் சூடு இருக்காது. இந்த ஒரு மாற்றத்துக்குக் காசே செலவில்லை.

காற்றுக்கு, நாலடி நாலடி ஆறரையடி பெருக்கினால் சுமார் 104 கன அடி வருகிறது, அதை நிமிடத்துக்கு ஒரு தடவையாவது மாற்ற வேண்டும். குழாய் வளைவில் இழப்பு போகும் என்பதால் 200 கன அடி தள்ளுகிற நாலங்குல விசிறி வாங்கி வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். விசிறி டென்டின் உச்சியில் காற்றை வெளியே இழுக்க வேண்டும், புதுக்காற்று கீழே எதிர்ப்பக்க வலையில் நுழைய வேண்டும். சரியாக ஓடினால் டென்டின் நாலு பக்கத் துணியும் லேசாக உள்ளே ஒட்டி, மூச்சை இழுத்த வயிறு மாதிரி தெரியும். தொளதொளவென்று தொங்கினால் எங்கோ ஓட்டை. குழாயின் மறுமுனை கட்டாயம் குடோனுக்கு வெளியே போக வேண்டும், அறைக்குள்ளேயே விட்டால் அதே சூட்டைத்தான் திரும்பத் திரும்பச் சுற்றவிடுவீர்கள். கீழ்வலைக்கு மேல் அங்குலத்துக்கு 40, 50 கண் உள்ள பூச்சிவலை ஒன்று கட்டினால் வெள்ளை ஈ பெரும்பாலும் நிற்கும், இலைப்பேன் அதைவிடச் சின்னது, அது நிற்காது, வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். டென்டோடு கார்பன் ஃபில்டரையும் சேர்த்து விற்பார்கள், அது வாசனை கடுமையாக வருகிற செடிகளுக்கு, உங்களுக்கு வேண்டாம், அந்தக் காசில் இலையை அசைத்துக்கொண்டே இருக்க ஒரு கிளிப் விசிறி வாங்குங்கள். தண்டு உரம் பெறும், நாற்றழுகலும் குறையும்.

மின்சாரம். தறி இணைப்பில் கிடைக்கிற சலுகை தறிக்கு மட்டும், அதிலோ தோட்டத்து மோட்டார் இணைப்பிலோ இதை ஓட்டாதீர்கள், மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு எந்த வகை இணைப்பு என்பதை முடிவு செய்துகொண்டு ஆரம்பியுங்கள். கசிவு வந்தால் உடனே துண்டிக்கிற ஈஎல்சிபி கட்டாயம். ஒயரை பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கும்படி விட்டால் அதில் வழிகிற தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் இறங்காது.

கடைசியாகத் தண்ணீர், உங்கள் திட்டத்தில் எனக்கு அதிகக் கவலை இதுதான். பல்லடம் பக்கத்துப் போர்களில் பல சப்பைத் தண்ணிதான், அதாவது உப்பு கூடியது. லெட்டூஸுக்கு உரம் கலந்தபின் இசி, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பைக் காட்டுகிற அளவு, 1.2 முதல் 1.8 வரை இருக்க வேண்டும், உங்கள் போரில் உரமே போடாமல் 2 காட்டினால் அதற்கு மேல் எதைக் கலப்பது? மழைத்தண்ணீர் இருந்தால் அதுதான் முதல் தரம், இல்லாவிட்டால் குழாயில் வருகிற அத்திக்கடவுக் குடிதண்ணீரை, குளோரின் போக ஒரு நாள் வாளியில் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். தென்னை நார்க்கழிவு பொள்ளாச்சியில் தாராளம், ஆனால் கழுவிப் பக்குவப்படுத்தியது என்று கேட்டு வாங்குங்கள், கழுவாததில் உப்பு ஏறியிருக்கும்.

விதையில் ஒரே ஒரு எச்சரிக்கை. விதைக் கடையில் ரோஸ், நீலம், பச்சை என்று நிறம் பூசி வருகிற விதை பூஞ்சண மருந்து ஏற்றியது, காட்டில் விதைக்கத்தான். குருத்துக்கீரையை நாம் பத்தே நாளில் அறுத்துப் பச்சையாகத் தின்கிறோம், குழந்தைகளும் தின்னும், மருந்து ஏற்றாத விதை தவிர எதையும் தட்டில் போடாதீர்கள்.

ஒரு வார வெப்பக் கணக்கும், அரை லிட்டர் போர்த் தண்ணீரைக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலோ அருகிலுள்ள பரிசோதனைக் கூடத்திலோ கொடுத்து வாங்கிய இசி, பிஎச் எண்களும் கைக்கு வந்ததும் எழுதுங்கள், குடோன் எந்தத் திசை பார்த்தது, ஜன்னல் எத்தனை என்பதையும் சேர்த்து. அதை வைத்து குருத்துக்கீரையா ஒட்டு நாற்றா என்று முடிவு செய்துவிட்டு, டென்டை அப்புறம் வாங்கலாம்.