விறகு அடுக்கில் பாம்புச் சட்டை: பொடி தூவினால் போதுமா?

திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "கொல்லைப்புறக் கொட்டகையில் விறகு, தேங்காய் மட்டை, பழைய ஓடெல்லாம் கிடக்கிறது. போன வாரம் அங்கே பாம்புச் சட்டை கிடந்தது. மூலிகைப் பொடி தூவினால் ஒரு வருஷத்துக்குப் பாம்பு அண்டாது என்று ஒருவர் மூவாயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். பூண்டு, பினாயில், கந்தகம், சிறியாநங்கை எதுவுமே பாம்பைத் தடுக்காது. இன்னும் சிலர் பையில் பாம்போடு வந்து, உங்கள் கொட்டகையிலேயே பிடித்ததாகக் காட்டிக் காசு வாங்குவார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நல்ல பாம்பை இப்படி வைத்திருப்பதே குற்றம். ஆனாலும் ஊருக்கு ஊர் நடக்கிறது, கேட்பாரில்லை. அந்தப் பணத்தில் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ், நல்ல டார்ச், மூடியுள்ள டிரம் வாங்குங்கள்.

டிரம் எதற்கு? பாம்பு வருவது எலிக்காக. தவிடும் கோழித்தீவனமும் மூட்டையில் கிடக்கும்வரை எலி வரும். விறகைச் சுவரோடு ஒட்டாமல், செங்கல் மேல் பலகை போட்டுத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் அடுக்குங்கள். மேலிருந்து எடுங்கள், இடுக்கில் கைவிடவே கூடாது. ஓட்டைப் புரட்டும்போது உங்கள் பக்க விளிம்பைத் தூக்காதீர்கள். எதிர்ப்பக்க விளிம்பைக் கம்பிக் கொக்கியால் உங்களை நோக்கி இழுத்து நிமிர்த்துங்கள். அப்போது திறப்பு அந்தப் பக்கம் இருக்கும், ஓடு உங்களுக்கு மறைப்பாக நிற்கும். ஒன்றரை அடிகூட இல்லாத சுருட்டை விரியன் ஓட்டுக்கடியில்தான் சுருண்டிருக்கும்.

பாம்பைக் கண்டால் அடிக்கப் போகாதீர்கள். தள்ளி நின்று பார்த்துக்கொண்டே தீயணைப்புத் துறைக்கு 101-இல் சொல்லுங்கள்.

கடித்தால் வலிக்கும், வீங்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கட்டு விரியன் அப்படியில்லை. ராத்திரியில் வீட்டுக்குள் வந்து, தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பெரும்பாலும் வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி, அப்புறம் இமை தொங்கும், பேச்சுக் குழறும். வாயுக்கோளாறு என்று சோடா கொடுத்துப் படுக்கவைத்தால் மூச்சு நின்றுவிடும். தடம் இல்லையே என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள். தரையில் படுத்தவருக்கு விடியலில் இமை தொங்கினால் பாம்புக்கடி என்றே எண்ணிக் கிளம்புங்கள்.

எந்தப் பாம்பு கடித்தாலும் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரத்தையும் கொலுசையும் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108-இல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அதனால் பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. மந்திரிப்பவரிடம் போனால் நேரம்தான் போகும். மருத்துவமனைகள் பாம்புக்கடியைக் கட்டாயம் பதிவுசெய்ய வேண்டும் என்று தமிழக அரசு அறிவித்ததே 2024-இல்தான். இத்தனை வருஷம் ஏன் ஆனது? இப்போதும் சீட்டு எழுதி அடுத்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும் பழக்கம் போகவில்லை. அதனால் விஷமுறிவு மருந்தும் செயற்கை சுவாசக் கருவியும் உங்கள் பக்கத்தில் எந்த அரசு மருத்துவமனையில் இருக்கின்றன என்று இந்த வாரமே நேரில் போய்க் கேட்டு வையுங்கள்.