ஐ7-3770 வாங்கலாமா, ஐ5-6500 வாங்கலாமா?

வாசகி ஒருவரின் கேள்வி: வீட்டிலிருந்தே நான்கைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். டேலி, எக்செல், ஜிஎஸ்டி தளம், இவ்வளவுதான் என் வேலை. மாலையில் மகன் போனில் எடுத்த வீடியோக்களை எடிட் செய்து யூடியூபில் போடுவான். பழைய கம்ப்யூட்டர் விற்கும் கடையில் இரண்டு காட்டினார்கள். ஒன்று ஐ7-3770, எச்61 மதர்போர்டில் கடைக்காரரே அசெம்பிள் செய்தது, 9,000 ரூபாய். இன்னொன்று ஐ5-6500, ஏதோ ஆபீசிலிருந்து வந்த கம்பெனி பெட்டி, 10,500 ரூபாய். இரண்டிலும் 8 ஜிபி ரேம், 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி. ஐ7 பெரியது, விலையும் குறைவு. அதையே எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். இந்த இரண்டுக்குள்தான் என்றால் ஐ5-6500-ஐ எடுங்கள்.

ஐ7-3770, ஐ5-6500 என்பவை கம்ப்யூட்டரின் மூளையான இன்டெல் பிராசசரின் பெயர்கள். முதலில் அந்த எண்ணைப் படிக்கப் பழகிக்கொள்வோம். ஐ7, ஐ5 என்பது அந்தந்தத் தலைமுறைக்குள் எது மேல், எது கீழ் என்று சொல்வது மட்டுமே. கோட்டுக்குப் பின்னால் வரும் நான்கு இலக்க எண்ணில் முதல் எண்தான் தலைமுறை. 3770 மூன்றாம் தலைமுறை, 2012 ஏப்ரலில் வந்தது. 6500 ஆறாம் தலைமுறை, 2015-ல் வந்தது. என் நண்பர் ஒருவர் "ஐ7, 8 ஜிபி" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பணம் கொடுத்து வாங்கி வந்தார். வீட்டில் திறந்து பார்த்தால் ஐ7-870. அது 2009-ம் ஆண்டுச் சரக்கு. உள்ளேயே கிராபிக்ஸ்கூடக் கிடையாது. மூன்று இலக்க எண் என்றால் முதல் தலைமுறை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பெட்டி மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை ஒருபோதும் நம்பாதீர்கள்.

சரி, வேகத்துக்கு வருவோம். இரண்டிலுமே நான்கு கோர், அதாவது பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் நான்கு பகுதிகள். 3770-ன் வேகம் 3.4 ஜிகாஹெர்ட்ஸ், தேவைப்பட்டால் 3.9 வரை ஏறும். 6500-க்கு 3.2, ஏறினால் 3.6. எண்களைப் பார்த்தால் 3770 முந்துவது போலத் தோன்றும். ஆனால் ஒரே கடிகார வேகத்தில் ஓடவிட்டால் ஆறாம் தலைமுறைக் கோர் சுமார் 20 சதவீதம் கூடுதலாக வேலை முடிக்கும். அதனால் டேலி திறப்பது, எக்செல் கணக்கு, பிரவுசரில் பக்கம் விரிவது போன்ற ஒற்றைக் கோர் வேலைகளில் 6500 சுமார் 10 சதவீதம் முன்னால் நிற்கும்.

3770-க்கு ஒரு பலம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஹைப்பர் த்ரெடிங் வசதியால் அதன் நான்கு கோர்கள் எட்டு வேலைகளை ஏந்திக்கொள்ளும். பரோட்டா மாஸ்டர் ஒரு கல்லில் போட்டது வேகும் நேரத்தில் பக்கத்துக் கல்லைத் திருப்பிப் போடுவார் இல்லையா, அதே மாதிரி. கை இரண்டுதான், ஆனால் சும்மா நிற்கும் நேரம் குறைகிறது. இதனால் வேலை இரட்டிப்பாகாது. கால் பங்கு போலக் கூடும். எடிட் செய்ததை இறுதி வீடியோவாக மாற்றுவதுதான் ரெண்டர். அதை முழுக்கப் பிராசசரை வைத்தே செய்தால் 3770 பத்துப் பதினைந்து சதவீதம் முன்னதாக முடித்துவிடும்.

அப்படியானால் மகனுக்கு 3770 நல்லதுதானே என்று கேட்பீர்கள். இங்கேதான் விஷயம் திரும்புகிறது. இப்போதைய போன்கள் பலவும் வீடியோவை எச்.265 என்ற சுருக்கும் முறையில் சேமிக்கின்றன. 6500-க்குள் இருக்கும் எச்டி 530 கிராபிக்ஸில் எச்.265-ஐப் பிரிக்கத் தனிச் சுற்றே இருக்கிறது. 3770-ன் எச்டி 4000-ல் அது இல்லை. அதனால் எடிட்டிங் டைம்லைனில் விரலை வைத்து நகர்த்தும்போதெல்லாம் பிராசசர் மொத்த வேலையையும் தானே இழுக்க வேண்டும். படம் நின்று நின்று வரும், காற்றாடி கத்தத் தொடங்கும். எடிட் செய்பவருக்கு ரெண்டர் முடியப் பத்து நிமிடம் காத்திருப்பது வலிக்காது. வெட்ட வேண்டிய இடத்தைக் கண்டுபிடிக்கும்போது படம் திக்குவதுதான் வலிக்கும். இதோடு, புதிய எடிட்டிங் மென்பொருள்களில் சில ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பைக் கேட்கும். அது 2013-ல் நான்காம் தலைமுறையோடுதான் வந்தது, 3770-ல் கிடையாது.

இன்னொன்று. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டைகள் வெளியே வந்தன. அதற்கான அப்டேட்டால் பழைய பிராசசர்களின் வேகம் குறைந்தது. நான்காம் தலைமுறைக்கும் அதற்கு முந்தியவற்றுக்கும் அடி அதிகம் என்று மைக்ரோசாப்டே சொன்னது. 3770 அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது.

இனி போர்டு. எனக்கு 3770 மேல் இருக்கும் குறையைவிட அது உட்கார்ந்திருக்கும் எச்61 மேல்தான் குறை அதிகம். எச்61 என்பது சிப்செட், அதாவது பிராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப். எஸ்எஸ்டியை மாட்டும் சாட்டா இணைப்பின் வேகம் அதில் நொடிக்கு 3 ஜிகாபிட்டோடு நின்றுவிடும். நொடிக்கு 500 எம்பிக்கு மேல் படிக்கக்கூடிய எஸ்எஸ்டியை மாட்டினாலும் 280 எம்பி அளவில்தான் ஓடும். டேலி திறக்கையில் இது பெரிதாகத் தெரியாது. மகன் பெரிய வீடியோ பைல்களை நகலெடுக்கும்போது தெரியும். யுஎஸ்பி 3 அந்தச் சிப்செட்டில் இல்லை. போர்டு செய்தவர் தனிச் சிப் வைத்திருந்தால்தான் உண்டு. இதே 3770 இந்தக் குறைகள் இல்லாத ஒரு பழைய க்யூ77 போர்டில் வந்திருந்தால் நான் இவ்வளவு தயங்கியிருக்க மாட்டேன். அப்புறம், 3770 வாங்கினால் அந்தப் போர்டில் ஏற இனி மேல்படி இல்லை. 6500 போர்டில் பிறகு ஐ7-6700 போடலாம். போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸுக்கு அப்டேட் கிடைத்தால் ஐ7-7700-ம் போகும். எட்டாம் தலைமுறையும் அதே 1151 சாக்கெட் என்று சொல்லி யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். மாட்டும்போது உட்காரும், ஆனால் ஓடாது.

கம்பெனிப் பெட்டியிலும் ஒரு தொல்லை உண்டு. பவர் சப்ளை பெரும்பாலும் அந்தக் கம்பெனிக்கே உரிய அளவில், உரிய பின்களோடு இருக்கும். பழுதானால் பக்கத்துக் கடையில் கிடைப்பதை மாட்ட முடியாது. ஒல்லியான பெட்டி என்றால் கிராபிக்ஸ் கார்டும் குட்டையானதுதான் போடலாம். மகனுக்கு அந்த ஆசை இருந்தால் டவர் வடிவத்தில் கேளுங்கள்.

மின்சாரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 3770-ன் வெப்ப அளவு 77 வாட், 6500-க்கு 65. வித்தியாசம் முழு 12 வாட் என்று வைத்து, தினம் 8 மணி நேரம் ஓட்டினாலும் மாதம் மூன்று யூனிட்டுக்கு உள்ளேதான்.

கடைக்காரர் உங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கான நீட்டிப்பும் 2026 அக்டோபர் வரைதான். விண்டோஸ் 11 முறைப்படி எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏறும். சுற்றுவழியில் இரண்டிலுமே ஏற்றித் தருவார்கள், ஓடவும் ஓடும். ஆனால் அதன் அப்டேட்டுகளுக்கு யாரும் பொறுப்பில்லை. பாட்டு கேட்கும் கம்ப்யூட்டர் என்றால் நான் இதைச் சொல்லியே இருக்க மாட்டேன். நீங்கள் பிறர் கடைகளின் ஜிஎஸ்டி கடவுச்சொல்லை வைத்திருப்பவர். லினக்ஸ் போடலாம் என்றால் டேலி அதில் நேரடியாக ஓடாது. எனவே இன்னும் சில ஆயிரம் ரூபாய் புரட்ட முடியுமானால் ஐ5-8400 அல்லது 8500 கேளுங்கள். ஆறு கோர், முறையான விண்டோஸ் 11. ஒரு மாதம் பொறுத்து வாங்கினாலும் தவறில்லை. அதுவும் முடியாது, ஆனால் 6500 விலைக்கே ஐ5-7500 கிடைக்கிறது என்றால் அதை எடுங்கள். கோர் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் யூடியூப் அனுப்பும் விபி9 வீடியோவையும் 10 பிட் எச்.265-ஐயும் அதன் கிராபிக்ஸே முழுதாகப் பார்த்துக்கொள்ளும்.

கடைக்குப் போகும்போது மகனையும் கூட்டிப் போங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்பார்மன்ஸ் பக்கத்தில் பிராசசரின் முழு எண்ணைப் படியுங்கள். ரேம் ஒற்றைக் குச்சியா, இரண்டா என்று கேளுங்கள். இரண்டு 4 ஜிபி குச்சி இருந்தால் உள் கிராபிக்ஸுக்கு நல்லது. கிரிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச மென்பொருளில் எஸ்எஸ்டியின் ஆயுள் சதவீதத்தைப் பாருங்கள். கடைசியாக, மகன் போனில் எடுத்த ஒரு வீடியோவைப் பென்டிரைவில் கொண்டுபோய் இரண்டு கம்ப்யூட்டரிலும் ஓடவிட்டு, முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் சிபியு சதவீதம் எவ்வளவு ஏறுகிறது என்று கவனித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.