வைரஸிலும் பாக்டீரியாவிலும் படிகங்களிலும் பேசப்படும் மேக்ரோடொமைன் ஒன்றேதானா? எதை முதலில் படிக்க வேண்டும்?

அவை ஒன்றல்ல. புரதத்தில் உள்ள மேக்ரோடொமைன், ஈ. கோலை பாக்டீரியாவின் குரோமோசோமில் உள்ளது, மின்னியல் படிகங்களில் காணப்படுவது ஆகிய மூன்றும் தோற்றத்திலும் வேலையிலும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. எதை முதலில் படிக்க வேண்டும் என்றும் நீங்கள் கேட்டிருப்பதால், வைரஸ் புரதத்தில் உள்ளதைத்தான் நான் சொல்வேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் படிவம் ஆறு மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். சுற்றிலும் ரப்பர் பால்மரமும் செம்பனையும் நிற்கும் இந்த ஊரில் அந்தப் பாடத்துக்கு ஒரு தனி அவசியம் இருக்கிறது. அதற்கு முன் மற்ற இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

ஈ. கோலையின் குரோமோசோம் சுமார் 4.6 மில்லியன் கார இணைகள் (டிஎன்ஏ இழையின் அலகுகள்) கொண்ட ஒரு வளையம். நீட்டினால் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் வரும் அந்த இழை, இரண்டு மைக்ரோமீட்டர் அளவுள்ள உயிரணுவுக்குள் அடங்கியிருக்கிறது. 2004இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள், பாக்டீரியாவைத் தாக்கும் லாம்டா வைரஸ் தன் டிஎன்ஏவை இணைக்கப் பயன்படுத்தும் இணைப்பிடங்கள் இரண்டைக் குரோமோசோமின் வெவ்வேறு இடங்களில் பொருத்தி, அவை எவ்வளவு அடிக்கடி ஒன்றையொன்று சந்திக்கின்றன என்று அளந்தார்கள். சில பகுதிகளுக்கு உள்ளேயே சந்திப்பு மிகுதியாகவும், அவற்றின் எல்லையைத் தாண்டினால் அரிதாகவும் இருந்ததால், தோற்றம், முடிவு, இடம், வலம் என நான்கு மேக்ரோடொமைன்களும், அப்படிக் கட்டுக்குள் அடங்காத இரண்டு பகுதிகளும் இருப்பது தெரியவந்தது. முடிவுப் பகுதியை ஒருங்கே வைத்திருப்பது மேட்பி என்ற புரதம் என்பதை 2008இல் கண்டார்கள். 13 கார இணைகள் கொண்ட ஒரு குறுந்தொடர் அந்தப் பகுதியில் 23 இடங்களில் வருகிறது, மேட்பி அந்த இடங்களைத்தான் பற்றிக்கொள்கிறது. உயிரணு இரண்டாகப் பிரியும்போது இந்த ஏற்பாடு மிகவும் வேண்டியிருக்கிறது.

படிகங்களில் பேசப்படுவது மின்முனைவு ஒரே திசையில் அமைந்த பெரிய பரப்பு. ஈயம், மக்னீசியம், நியோபியம் கலந்த ஆக்சைடில் நானோமீட்டர் அளவில் சிதறிக் கிடக்கும் முனைவுத் திட்டுகள், வலுவான மின்புலத்தில் ஒன்றிணைந்து அத்தகைய பரப்புகளாகின்றன. இவ்வகைப் படிகங்களை ஈய டைட்டனேட்டுடன் சேர்த்து மருத்துவ அல்ட்ராசவுண்ட் கருவிகளில் பயன்படுத்துகிறார்கள்.

இனி வைரஸுக்கு வருகிறேன். நம் நாட்டில் சிக்குன்குனியா முதலில் 1998இல் கிள்ளானில் பரவியது. 2006இல் எங்கள் பேராக் மாநிலத்தின் பாகான் பஞ்சோரில் தலைகாட்டியது. 2008இல் ஜொகூரில் தொடங்கி நாடு முழுவதும் பெரிய அளவில் பரவியது. அப்போது அதைப் பரப்பிய ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசு, மழைநீர் தேங்கிய பால் மங்கிலும், தேங்காய்ச் சிரட்டையிலும், மூங்கில் குத்திலும், மரப்பொந்திலும் முட்டையிடும், பகலில்தான் கடிக்கும். காய்ச்சல் சில நாட்களில் இறங்கினாலும் மூட்டுவலி பலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். பால் சீவும் கத்தியையோ செம்பனைக் குலை அறுக்கும் நீண்ட அரிவாளையோ பிடிக்க முடியாத கைக்குத் தோட்டத்தில் கூலி இல்லை. இந்த நோய்க்கென ஒரு வைரஸ் எதிர்ப்பு மருந்து இன்றளவும் இல்லை என்பதால்தான், அதன் புரதங்களில் ஒன்றின் நுனியில் இருக்கும் மேக்ரோடொமைனை என் மாணவர்கள் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

புரதத்தின் மேக்ரோடொமைன் என்பது ஏறத்தாழ 130 முதல் 190 அமினோ அமிலங்கள் வரை கொண்ட ஒரு மடிப்பு. 1992இல் கண்டறியப்பட்ட மேக்ரோஎச்2ஏ என்ற ஹிஸ்டோன் (டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும்) புரதத்திலிருந்து அதற்கு இப்பெயர் வந்தது. அதன் நடுவிலுள்ள பள்ளத்தில் அடினோசின் டைபாஸ்பேட் ரைபோஸ், சுருக்கமாக ஏடிபி-ரைபோஸ், என்ற மூலக்கூறு பொருந்தும் என்பதை, கடலடி வெந்நீர்ப் பகுதிகளில் வாழும் ஆர்க்கியோகுளோபஸ் என்ற நுண்ணுயிரின் புரதத்தைக் கொண்டு 2005இல் உறுதிசெய்தார்கள்.

நம் உயிரணுவுக்குள் வைரஸ் நுழைந்ததும் இன்டர்ஃபெரான் என்ற தற்காப்புப் புரதம் சுரக்கிறது. அது பார்ப் எனப்படும் நொதிகளில் சிலவற்றைப் பெருக்குகிறது. இந்நொதிகள் உயிரணுவில் உள்ள என்ஏடி என்ற மூலக்கூறிலிருந்து ஏடிபி-ரைபோஸைப் பிரித்துப் புரதங்களின் மேல் ஒட்டுகின்றன. வெட்ட வேண்டிய மரத்துக்குத் தோட்டத்தில் சாயம் பூசிக் குறிபோடுவதைப் போன்ற வேலை இது. வைரஸின் மேக்ரோடொமைன் அந்தக் குறியைப் புரதத்திலிருந்து அறுத்து நீக்குகிறது. உடலின் தற்காப்பு அங்கே வலுவிழக்கிறது. சிக்குன்குனியாவில் இப்பகுதி என்எஸ்பி3 என்ற புரதத்தில் உள்ளது. கொரோனா வைரஸ்களிலும், ருபெல்லாவிலும், ஹெபடைடிஸ் ஈ வைரஸிலும் இதே மடிப்பு இருக்கிறது.

இதற்குச் சான்றாக நான் வகுப்பில் எப்போதும் எடுத்துக்காட்டுவது எலிகளில் நடந்த ஆய்வுகளைத்தான். சார்ஸ் கொரோனா வைரஸின் மேக்ரோடொமைனில் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் ஒன்றை மட்டும் அலனின் என்ற இன்னொன்றாக மாற்றியபோது, எலிகளைக் கொல்லக்கூடிய வைரஸ் அந்த ஆற்றலை இழந்தது, இன்டர்ஃபெரான் பதில்வினையும் கூடியது என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. சிக்குன்குனியாவிலோ குறியை அறுக்கும் திறனை முற்றிலும் இழந்த வைரஸால் பெருகவே முடியவில்லை. திறன் குறைந்த வைரஸ் எலிக்குட்டிகளில் வீரியம் இழந்தது. வைரஸின் வேறெத்தனையோ பகுதிகள் மாற்றங்களைத் தாங்கிக்கொள்ளும் நிலையில், இந்த ஒரு பள்ளம் அதற்கு இவ்வளவு இன்றியமையாததாக இருப்பதுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது.

ஆனால் அந்தப் பள்ளத்தை அடைக்கும் மருந்தை உருவாக்குவது எளிதன்று. அங்கே பொருந்தும் ஏடிபி-ரைபோஸ் மின்னூட்டம் மிகுந்த பாஸ்பேட்டுகளைக் கொண்டது. அதைப் போலவே வடிவமைத்த மூலக்கூறுகள் உயிரணுச் சவ்வைக் கடந்து உள்ளே போகத் திணறுகின்றன. நம் உடலிலும் மேக்ரோடொமைன் உள்ள புரதங்கள் பல இருப்பது இன்னொரு தடை. அவற்றில் டார்க்1 என்பது பிறவியிலேயே செயலிழந்தவர்களுக்கு நரம்புச் சிதைவு ஏற்படுகிறது; ஆகவே வைரஸினுடையதை மட்டும் அடைத்து நம்முடையதைத் தொடாத மருந்துதான் பயன்படும். கோவிட் பெருந்தொற்று தொடங்கிய பிறகு, 2021இல் வெளியான ஓர் ஆய்வில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு மூலக்கூறுகளைப் படிகங்களில் சோதித்து, 200க்கும் மேற்பட்டவை அந்தப் பள்ளத்திலும் அதன் அருகிலும் ஒட்டுவதைக் கண்டார்கள். அத்தகைய தொடக்கங்களிலிருந்து வளர்த்தெடுத்த ஒரு மூலக்கூறு எலிகளைக் காப்பாற்றும் அளவுக்கு வேலை முன்னேறியிருக்கிறது.

அந்த ஆய்வுகள் கொரோனாவை முன்வைத்து நடந்தவை. சிக்குன்குனியாவின் பள்ளம் அமைப்பில் நெருங்கியதே என்றாலும் அச்சு அசலாக ஒன்றல்ல, எனவே அதற்கெனத் தனியாக உழைக்க வேண்டும். இந்த வழியில் வரும் மருந்து டெங்குவுக்கும் உதவுமா என்று மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். உதவாது. அதையும் ஏடிஸ் கொசுதான் பரப்புகிறது என்றாலும், டெங்கு வைரஸில் மேக்ரோடொமைன் கிடையாது.