வளைவு பிறகு கட்டலாம், முதலில் மலசலகூடத்தின் பூட்டைத் திறங்கள்

கேள்வி: ஐயா, நுவரெலியா மாவட்டத்தில், சிவனொளிபாதமலைக்குப் போகிற பாதையில் உள்ள ஒரு சின்ன டவுனில் அப்பாவின் புடவைக்கடையை நடத்தி வருகிறேன். இங்கே அறுபது கடைகள் வரை இருக்கின்றன. மழை பெய்தால் கான் நிரம்பித் தண்ணீர் கடைக்குள் வருகிறது. வாகனம் நிறுத்த இடமில்லை. பொது மலசலகூடம் பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது. தோட்டத்துச் சனங்கள் நல்ல சாமான் வாங்க ஹட்டனுக்கே போய்விடுகிறார்கள். வர்த்தகர் சங்கம் என்று ஒன்று இருக்கிறது, வருடத்துக்கு ஒரு பூசையோடு சரி. இப்போது சிலர் காசு சேர்த்து டவுன் வாசலில் வரவேற்பு வளைவு கட்டி மின்விளக்குப் போடலாம் என்கிறார்கள். பிரதேச சபையின் வேலையை நாம் ஏன் செய்ய வேண்டும் என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். எங்கே தொடங்குவது? காசு தராதவர்களை என்ன செய்வது?

பதில்: வளைவைத் தள்ளிப்போடுங்கள், தம்பி. சீசனுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு அப்படியே மலையடிவாரத்து நல்லதண்ணி ஊருக்குப் போய்விடுவார்கள். அவர்கள் வருவது உந்துவப் போயாவிலிருந்து வெசாக் வரை, டிசம்பர் தொடக்கம் மே வரை மட்டும். வருடம் முழுவதும் உங்கள் கடையைத் தாங்குகிறவர்கள் தோட்டத்துச் சனங்கள்தான். பத்தாம் திகதிச் சம்பளத்துக்குப் பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஸ்டான்ட் பக்கம் நின்று பாருங்கள். கைப்பிள்ளையோடு இறங்குகிற அம்மா எங்கே ஒதுங்குகிறார், எத்தனை மணிக்குத் திரும்ப பஸ் ஏறுகிறார் என்று கவனியுங்கள். டவுனுக்கு வரும் நாளில் காலைத் தேத்தண்ணியைக் கூடக் குடிக்காமல் வருகிற பெண்களை எனக்குத் தெரியும். போவதற்கு ஓர் இடம் இல்லை என்ற ஒரே காரணம்தான். அப்படி வருகிறவர் உங்கள் கடையில் நாலு சேலையை விரித்துப் பார்க்க நிற்பாரா? அரிசி, பருப்பை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவார்.

ஆகவே முதல் வேலை மலசலகூடம். புதிதாக ஒன்றும் கட்ட வேண்டாம், இருப்பதைத் திறந்து வைத்தால் போதும். நான் ஆலோசனை சொல்லப் போன ஒரு டவுனில் கட்டடம் நல்ல நிலையில் இருந்தது, வெளிச்சுவரில் பெயர்ப்பலகை கூட மங்கவில்லை. கதவில் துருப்பிடித்த பூட்டு. சாவி யாரிடம் என்று விசாரிக்கவே அரை நாள் போயிற்று. கடைசியில் அது பக்கத்துப் பழக்கடையில், வாழைக்குலை தொங்கும் ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது! கழுவ ஆளில்லை, ஆளுக்குச் சம்பளம் கொடுக்கக் காசில்லை, அதனால் பூட்டு. கட்டுவதற்கு யாராவது காசு தந்துவிடுவார்கள், கல்லில் பெயர் பொறிக்கலாம் அல்லவா? தினமும் கழுவுகிற செலவை ஏற்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. உங்கள் சங்கம் பொறுப்பெடுக்க வேண்டியது அந்தச் செலவைத்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2026 ஜனவரியிலிருந்து தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதன்மேல் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் சேர்த்தால் ஓர் ஆளுக்கு 34,500 ரூபாய் வரும். அந்த 15 வீதத்தைத் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள். டவுனைக் கழுவுகிறவர் பெரும்பாலும் ஒரு லயத்துப் பிள்ளையாகத்தான் இருப்பார். அறுபது கடைகளில் முப்பது சிறிய கடைகள் 500, இருபது நடுத்தரக் கடைகள் 1,000, பத்துப் பெரிய கடைகள் 2,000 என்று தந்தால் மாதம் 55,000 சேரும். சம்பளம் போக 20,500 மிஞ்சும். சவர்க்காரம், பினைல், குழாய் திருத்தம், பல்பு எல்லாம் அதற்குள் அடங்கும். மூன்றில் இரண்டு பங்கு காசு வந்தாலே சம்பளம் தேறிவிடும் என்பதையும் பாருங்கள்.

காசு தராதவர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கனடாவின் டொரன்டோவில், புளோர் வெஸ்ட் கடைத்தெருவில் 1970இல் ஓர் ஏற்பாடு தொடங்கியது. எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கடைகளும் தெரு மேம்பாட்டுக்குக் கட்டாயமாகப் பணம் கட்ட வேண்டும் என்று அங்கே சட்டமே இடம் தருகிறது. இங்கிலாந்திலும் கடைக்காரர்களின் வாக்கெடுப்போடு அப்படி நடக்கிறது. நமக்கு அந்த வழி இல்லை. வரி விதிக்கும் அதிகாரம் சபைக்குத்தான், சங்கத்துக்குக் கிடையாது. அதனால் கெஞ்சவும் வேண்டாம், தராதவர் பெயரைப் பலகையில் எழுதவும் வேண்டாம். சிறு டவுனில் அந்தக் கசப்பு இரண்டு தலைமுறைக்கு நிற்கும். முதல் மூன்று மாதம் தருகிறவர்களை வைத்தே நடத்துங்கள். வரவு செலவை மாதம்தோறும் ஒரே தாளில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, எல்லோரும் போகிற ஒரு தேத்தண்ணிக் கடைச் சுவரில் ஒட்டுங்கள். வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையொப்பம் இருக்கட்டும், அந்த இருவரும் ஒரே குடும்பமாகவோ ஒரே கட்சியாகவோ இருக்க வேண்டாம். நடைபாதையில் மரக்கறி விற்கிறவர்களையும் ஆட்டோ பார்க்காரர்களையும் முதல் கூட்டத்துக்கே கூப்பிடுங்கள். அவர்களை விட்டுவிட்டுப் போட்ட எந்தத் திட்டமும் ஒரு மாதம் தாண்டியதை நான் பார்த்ததில்லை.

சபையின் வேலையை நாம் ஏன் செய்ய வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. கட்டடமும் குப்பை அள்ளுவதும் சபையின் கடமைதான், அதை எழுத்தில் கேளுங்கள். உங்கள் டவுனிலிருந்து வியாபார அனுமதிப்பத்திரக் கட்டணமாகவும் வரியாகவும் எவ்வளவு போகிறது, எவ்வளவு திரும்பி வருகிறது என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தகவல் அலுவலருக்கு எழுதலாம். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். சண்டைக்காகக் கேட்பதாக எழுதாதீர்கள், பேச்சுக்கு ஒரு கணக்கு வேண்டும் என்று எழுதுங்கள். சபையின் அடுத்த வருட வரவு செலவுத் திட்டம் டிசம்பருக்குள் நிறைவேறிவிடும். எனவே உங்கள் கோரிக்கை செப்டம்பரிலேயே மேசைக்குப் போக வேண்டும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், சபைக் குழுக்களில் உறுப்பினர் அல்லாத பிரதேசவாசிகளையும் சேர்க்க இடம் தருகிறது. சங்கத்துக்கு அதில் ஓர் இடம் கேளுங்கள்.

கான் விஷயம் இவ்வளவு லேசாக முடியாது. பிரதான வீதி ஏ அல்லது பி வகுப்பு என்றால் அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு, சி, டி என்றால் மாகாணத்தின் பொறுப்பு. மேலே தேயிலை மலையிலிருந்து மண்ணோடு இறங்குகிற தண்ணீர் தோட்டக் காணி வழியாக வருகிறது. அந்தக் காணி அரசுடையது, 1992க்குப் பிறகு குத்தகையில் கம்பனிகளின் கையில் இருக்கிறது. இத்தனை பேரையும் ஒரே நாளில் மதகடியில் நிற்க வைக்க வேண்டும், மழைக்கு முன்னால். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தை அடித்த பிறகு இதன் அவசரத்தை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு நாள் அதிகாலை கடைகள் திறக்க முன்னே தெருவில் நடந்து, எத்தனை கடைகள் கானுக்கு மேல் கொங்கிரீட் சிலாப் போட்டு வாசலை நீட்டியிருக்கின்றன என்று எண்ணுங்கள். சிலாப்புக்கு அடியில் மண்வெட்டி போகாது. அங்கேதான் மண் தேங்கும், தண்ணீர் மேலே வரும். உங்கள் கடை வாசலிலும் அப்படி இருந்தால் முதலில் அதை உடைத்து, தூக்கி எடுக்கக்கூடிய இரும்புக் கம்பி மூடி போடுங்கள். பிறகு அதிகாரிகளிடம் பேசும்போது உங்கள் குரலே வேறு மாதிரி இருக்கும்.

வாகனம் நிறுத்துவதும் ஏறக்குறைய அதே கதை. காலை எட்டு மணிக்குத் தெருவோரம் நிற்கிற வண்டிகள் யாருடையவை என்று பாருங்கள். பெரும்பாலும் முதலாளிமாருடையவையாகத்தான் இருக்கும். அவற்றைச் சற்றுத் தள்ளி நிறுத்தவும், லொறிச் சாமான்களை ஒன்பது மணிக்குள் இறக்கவும் சங்கம் முடிவெடுத்தால் ஒரு சதம் செலவில்லை.

இந்த மாதச் சம்பள ஞாயிறு வருமுன் சபைச் செயலாளரிடம் மலசலகூடத்தைப் பராமரிக்க எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாயால் சொன்ன சம்மதம் ஆள் மாறினால் காணாமல் போய்விடும். பெண்கள் பக்கக் கதவின் உள் தாழ்ப்பாளையும் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் முதலில் உடைந்திருக்கும். திறந்திருக்கும் நேரத்தையும், பூட்டியிருந்தால் கூப்பிட வேண்டிய கைப்பேசி எண்ணையும் கதவில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். முதல் மாதம் அந்த எண் உங்களுடையதாகவே இருக்கட்டும்.