முதுகைக் காட்டிப் படுத்தால் காது ஆறாது

கேள்வி: எனக்கு வயது 24. வேலைக்குப் போகிறேன். இரண்டரை மாதத்துக்கு முன் வலது காதின் மேல்மடலில் கார்டிலேஜ் (குருத்தெலும்பு) பியர்சிங் செய்துகொண்டேன். நன்றாக விசாரித்து, கன் வைத்து அடிக்காமல் ஊசியால் குத்தும் இடத்துக்குத்தான் போனேன். டைட்டானியம் ஸ்டட். தினமும் சலைன் உப்புநீரால் சுத்தம் செய்கிறேன். ஆனாலும் காலையில் எழும்போது காது வலிக்கிறது. துளைக்குப் பின்னால் சிவப்பாக ஒரு சிறு கட்டி. ஆறு வாரத்தில் ஸ்டட்டின் கம்பியை மாற்ற வரச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை கிளம்பினால் எங்கே என்று அம்மா கேட்பார் என்பதால் போகவில்லை. அவருக்கு விஷயம் தெரியாது. அப்பா இறந்த பிறகு அம்மா தனியாகப் படுப்பதில்லை. என் இடது பக்கம்தான் படுப்பார். அதனால் அவருக்கு முதுகைக் காட்டி வலது பக்கமாகவே ஒருக்களித்துப் படுக்கிறேன். பகலில் முடியை முன்னால் விட்டுக்கொள்கிறேன். இது கீலாய்டு என்கிற தடித்து வளரும் தழும்பா? என்ன ஆயின்ட்மென்ட் போடலாம்? கழற்றிவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மகளே, காது குத்திவிட்டு ஆயின்ட்மென்ட் பெயர் கேட்டு வருகிற கடிதங்களை நிறையப் பார்த்துவிட்டேன். உனக்கும் பெயர் சொல்லப் போவதில்லை. குருத்தெலும்புத் துளையில் களிம்பை அப்பினால் காற்று படாது, அழுக்கு ஒட்டும், ஈரம் உள்ளேயே நிற்கும். டாக்டர் எழுதித் தந்தால் போடு. இல்லாவிட்டால் வேண்டாம்.

ஊசி, டைட்டானியம், சலைன் எல்லாம் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாய். கன் வைத்து அடித்திருந்தால் மழுங்கிய ஸ்டட்டை அழுத்தித் திணிப்பதில் குருத்தெலும்பு நொறுங்கக்கூட வாய்ப்புண்டு. இத்தனையும் படித்துத் தெரிந்துகொண்ட பெண், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: அம்மாவுக்கு முதுகைக் காட்டி வலது பக்கமாகவே படுக்கிறேன் என்று. உன் காதுக்கு என்ன ஆயிற்று என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது.

காது மடலின் குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலிருந்து கசிந்து வருவதுதான் அதற்குச் சாப்பாடு. கீழ்மடல் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆறிவிடுகிறபோது, மேல்மடல் ஆற ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை ஆவது இதனால்தான். அப்படிப்பட்ட இடத்தைத் தலையின் மொத்த பாரத்துக்கும் அடியில் இரவு முழுக்க வைத்து நசுக்குகிறாய். கம்பி ஒரு பக்கமாகச் சாய்கிறது, துளையும் கூடவே சாய்கிறது, பின்பக்கத் தட்டு தோலில் அழுந்துகிறது. காலை வலிக்கும் பின்பக்கக் கட்டிக்கும் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். சலைனை வாளி வாளியாக ஊற்றினாலும் இந்த அழுத்தம் குறையாது.

மறைத்ததால் வந்த வினை அதோடு நிற்கவில்லை. முன்னால் விட்ட முடி கம்பியில் சுற்றிச் சுற்றி இழுக்கிறது; தலைக்குக் குளித்த ஈரமும் ஷாம்புவும் அங்கேயே தங்குகின்றன. கம்பியை ஏன் மாற்றச் சொன்னார்கள் தெரியுமா? முதல் நாள் போடுவது வேண்டுமென்றே நீளமான கம்பி, வீங்கினால் இடம் வேண்டும் என்பதற்காக. வீக்கம் வடிந்த பிறகும் அதே நீளத்தில் இருந்தால் ஆடும், மாட்டும், உரசும். நாலு வாரம் முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை, ஞாயிற்றுக்கிழமை அம்மா கேட்கும் ஒரு கேள்விக்குப் பயந்து நின்றிருக்கிறது.

இனி திட்டுகிறேன், கேட்டுக்கொள். சம்பாதிக்கிற 24 வயதுப் பெண் தன் காதில் துளை போட யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. அம்மாவே இதைப் படித்துவிட்டு என்னோடு சண்டைக்கு வந்தாலும் இதைத்தான் சொல்வேன். ஆனால் அனுமதி தேவையில்லை என்பதால், சொல்ல வேண்டிய கடமையும் இல்லை என்று ஆகிவிடாது. ஒரே வீட்டில், ஒரே படுக்கையில் இருப்பவரிடம் இரண்டரை மாதமாக மறைத்திருக்கிறாய். துணைக்குத்தானே பக்கத்தில் படுக்கிறாய்? தினமும் முதுகைத் திருப்பிக்கொண்டால் அது என்ன துணை? கணவரை இழந்தவர், மகள் ஏன் இப்போதெல்லாம் இந்தப் பக்கம் திரும்புவதே இல்லை என்று யோசிக்காமலா இருப்பார்? காது அவர் நினைப்பிலேயே வராது. தன்மீது ஏதோ கோபம் என்று நினைப்பார், அல்லது உனக்கு வேறு ஏதோ கவலை என்று.

அம்மா என்ன சொல்வார் என்று பயப்படுகிறாய் என்பதைக்கூட நீ எழுதவில்லை. துக்கம் நடந்த வீட்டில் இப்போது இந்த அலங்காரம் தேவையா என்று கேட்டுவிடுவாரோ என்ற தயக்கமாக இருக்கலாம். கேட்டால் கேட்கட்டும். அது ஒரு நாள் பேச்சு.

உன் கீலாய்டு கேள்விக்கும் அவரிடம்தான் பாதி பதில் இருக்கிறது. கீலாய்டு குடும்பத்தில் வரக்கூடியது. துளையின் எல்லையைத் தாண்டி வளரும், பெரும்பாலும் சில மாதங்கள் கழித்துத்தான் தலைகாட்டும், தானாகச் சுருங்காது, வெட்டி எடுத்தாலும் திரும்ப வரக்கூடும். துளையை ஒட்டி மட்டும் நிற்கிற சிறு கட்டி, உரசலால் வந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உரசல் நின்றால் சில வாரங்களில் அமுங்கும். ஆனால் அம்மாவின் கையில் தடுப்பூசித் தழும்பு தடித்திருக்கிறதா, அப்பாவுக்கு வெட்டுக்காயம் எதுவும் புடைத்து ஆறியதா, மாமா சித்தி யாருக்காவது அப்படி உண்டா? டாக்டர் முதலில் கேட்பது இதைத்தான். உன் அப்பாவின் உடம்பைப் பற்றிச் சொல்ல இப்போது மிச்சமிருப்பவர் உன் இடது பக்கம் படுத்திருக்கிறார்.

கழற்றுவதைப் பற்றி: நீயாகக் கழற்றாதே. உள்ளே சீழ் இருந்தால் துளை மூடிக்கொண்டு சீழ் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். வெளுத்த நீர் கசிந்து துளையோரம் பொருக்குக் கட்டுவது சாதாரணம். நகத்தால் பிய்க்காமல் சலைனில் ஊறவிட்டுத் துடை. கீழ்மடல் நன்றாக இருந்து, மேல்மடல் முழுக்கச் சிவந்து, சூடாகி, மடிப்பு தெரியாமல் வீங்கினாலோ, துடிக்கிற வலி, பச்சை மஞ்சள் சீழ், காய்ச்சல் இருந்தாலோ அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போக வேண்டும். சீழ் அந்த மெல்லிய உறையைக் குருத்தெலும்பிலிருந்து பிரித்துவிட்டால் சாப்பாடு நின்று அது செத்துப்போகும், காது சுருங்கிக் கோணலாகிவிடும். பிறகு பழைய வடிவம் கொண்டுவருவது கடினம். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையை விழுங்கிப் பார்க்காதே. இந்த இடத்தில் அடிக்கடி வருகிற சூடோமோனாஸ் கிருமி சாதாரண மாத்திரைகளில் பலவற்றுக்கு மசியாது.

மற்றதெல்லாம் நீ படித்திருப்பாய், சுருக்கமாகச் சொல்கிறேன். மருந்துக்கடையில் கிடைக்கும் 0.9 சதவீத சலைன் போதும், நீயே உப்புக் கரைக்காதே. ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம். கை கழுவாமல் தொடாதே, திருகிவிடாதே. டவலால் துடைத்தால் நூல் மாட்டும். பேப்பரால் ஒற்றி எடு. போனை இடது காதில் வை. ஆறும்வரை நீச்சல் குளம் வேண்டாம்.

இன்று ராத்திரி முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இடது பக்கம் திரும்பிப் படு. குத்திய காது மேலே இருக்கும், முகம் அம்மா பக்கம் இருக்கும், அவரே பார்ப்பார். பார்க்கும்வரை காத்திருக்காமல் விளக்கை அணைக்கும் முன் நீயே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. தழும்பு விஷயத்தையும் அப்போதே கேட்டுவிடு. நாளைக்குக் காது டாக்டரிடம் அந்தக் கட்டியைக் காட்டு. அவர் சரி என்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை கம்பியை மாற்றிக்கொண்டு வா. அம்மா கூட வருகிறேன் என்றால் கூட்டிக்கொண்டு போ.