தராசு யாரைப் பார்த்து இருக்கிறது? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மண்டபத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில் சின்னதாக ஒரு நண்டு கம்பெனி நடத்துகிறேன். அவித்த நீலக்கால் நண்டை வாங்கி, சதை பிரித்து, தரம் பார்த்துப் பெரிய ஏற்றுமதிக் கம்பெனிக்கு அனுப்புகிறோம். பிரிக்கிற மேசையில் 44 பெண்கள், எல்லோருக்கும் கிலோக் கூலி. ஊழியர்கள் ஒட்டுதலாக வேலை செய்ய வேண்டும் என்று போன வருடம் பல முயற்சிகள் எடுத்தேன். மாதம் ஒரு 'சிறந்த ஊழியர்' தேர்ந்தெடுத்து எவர்சில்வர் குடம் கொடுத்தேன். ஒரு ஞாயிறு விளையாட்டுப் போட்டி, பிறந்தநாளுக்குக் கேக், வாட்ஸ்அப் குழு எல்லாம் உண்டு. ஆனாலும் நண்டு லோடு வருகிற நாளில் 30 பேர் வந்தால் பெரிது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கூப்பிட்டபோது 12 பேர் திரும்பவில்லை. சிலர் கடல்பாசி எடுக்கப் போய்விட்டார்கள். சிலர் பக்கத்துக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார்கள், அங்கே கிலோவுக்கு நம்மைவிட இரண்டு ரூபாய் குறைவு! குடம் வாங்கிய பெண்ணும் அந்தப் பன்னிரண்டில் ஒருத்தி. எங்கே தப்பு செய்கிறேன்? கேக்கை எல்லாம் நிறுத்திவிடவா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு ரூபாய் குறைவான இடத்துக்குப் போனார்கள் என்று ஆச்சரியக்குறி போட்டு எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். கூலி வீதத்தை முதலாளி எழுதுகிறார். கூலியைத் தராசு எழுதுகிறது. உங்கள் கம்பெனியில் தராசின் எண் தெரியும் பக்கம் யாரைப் பார்த்து இருக்கிறது? பெரும்பாலான ஷெட்டுகளில் அது சூப்பர்வைசரைப் பார்த்து இருக்கும். தட்டை நீட்டுகிற பெண் அவர் வாயைப் பார்த்து நிற்பாள்.

ஒரு கணக்குப் போடுங்கள். தட்டில் 0.980 கிலோ இருக்கிறது. கணக்கு எழுத வசதியாகச் சூப்பர்வைசர் 0.950 என்று எழுதுகிறார். 30 கிராம்தான். ஒரு நாளில் ஐந்து எடை என்றால் 150 கிராம். கிலோக் கூலி 70 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பத்தரை ரூபாய். ஐந்து கிலோ பிரிக்கிற பெண்ணுக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கிற இரண்டு ரூபாயால் கிடைப்பது பத்து ரூபாய். கொடுத்தது அத்தனையும் மேசையைத் தாண்டுவதற்குள் போய்விட்டது. இதில் யாரும் திருடவில்லை என்பதுதான் விசேஷம். அந்தப் பத்தரை ரூபாய் சூப்பர்வைசர் பைக்கும் போகவில்லை. ஆனால் மேசையில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும், வாயால் சொல்ல மாட்டார்கள்.

இன்னும் இரண்டு கசிவுகள் உண்டு. பிரித்த சதை நீர் விடும். ஐஸ் மேல் ஓட்டைத் தட்டில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்த சதைக்கு, பிரித்த உடனே இருந்த எடை இருக்காது. எடை போட வரிசையில் நிற்கிற நேரத்துக்கு அந்தப் பெண் தன் சதையால் விலை கொடுக்கிறாள். இரண்டாவது, தட்டு. காலையில் காய்ந்த தட்டு ஒன்றை வைத்து, தட்டின் எடை கழியும்படி தராசைப் பூஜ்யமாக்கியிருப்பார்கள். நண்பகலில் அதே மாதிரித் தட்டுகளில் சில விளிம்பு உடைந்தவை, சில தடிப்பானவை. ஒரு தட்டு 15 கிராம் கூடினால் கம்பெனிக்கு நஷ்டம், குறைந்தால் அந்தப் பெண்ணுக்கு நஷ்டம். இரண்டுமே சண்டைதான்.

செய்ய வேண்டியது இது. இரண்டு பக்கமும் எண் தெரிகிற தராசு வாங்குங்கள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை போட வேண்டும் என்பது சட்டம். அந்தச் சான்றிதழை அலுவலக அறையில் பூட்டி வைக்காமல் தராசுக்கு மேலே ஒட்டுங்கள். ஒரு கிலோ படிக்கல் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். தினமும் காலையில் மேசையிலிருந்து ஒரு பெண், முறைவைத்து ஆள் மாற்றி, அதைத் தராசில் வைத்துப் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடட்டும். தட்டுகள் அனைத்தும் ஒரே எடையில் இருக்கட்டும், பொருந்தாததைத் தூக்கிப் போடுங்கள். எடையைப் பத்து கிராம் வரை எழுதுங்கள். சில்லறையை விட்டே ஆக வேண்டும் என்றால் மேலே ஏற்றி எழுதுங்கள், கீழே இறக்காதீர்கள். சதையை ஐஸுக்கு அனுப்பியாக வேண்டிய சுகாதாரக் கட்டாயம் எப்படியும் இருக்கிறது, அதனால் மணிக்கு ஒருமுறை எடை போடுவது இரண்டு வகையிலும் நல்லது. எடை போட்டவுடன் சீட்டு இரண்டு பிரதி, ஒன்று அவள் கையில்.

தராசுக்கு முன்னால் இன்னொரு இடம் இருக்கிறது: கூடை பங்கு வைக்கிற இடம். தோல் உரித்துக் கொஞ்ச நாளே ஆன நண்டில் சதை குறைவு, தண்ணீர்தான் நிற்கும். சின்ன நண்டில் ஒரு கிலோ சதை எடுக்க நேரம் கூடுதல். கிலோக் கூலியில் கனத்த நண்டு யாருக்குப் போகிறது என்பதே அன்றைய சம்பளத்தைத் தீர்மானிக்கும். சூப்பர்வைசரின் சொந்தக்காரப் பெண்ணுக்கு நல்ல கூடை போகிறது என்று மேசையில் ஒரு பேச்சு கட்டாயம் இருக்கும். உண்மையோ பொய்யோ, பேச்சு இருக்கும். கூடைக்கு எண் போட்டுச் சீட்டுக் குலுக்குங்கள், ஐந்து நிமிட வேலை. சின்ன அளவு நண்டுக்குத் தனி வீதம் வையுங்கள். கிலோக் கூலியானாலும் ஒரு நாள் வருமானம் அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகக் கூடாது. அந்த அடித்தளத்தைச் சீட்டிலேயே அச்சடித்துவிடுங்கள்.

வேகமாகப் பிரிக்கிற ஒருத்தியைக் காட்டி மற்றவர்களுக்கு இலக்கு ஏற்றுவதோ, எல்லோரும் வேகமானவுடன் வீதத்தைக் குறைப்பதோ ஒருமுறை நடந்திருந்தாலும் போதும். அதன்பிறகு மேசை முழுவதும் ஒரே நிதானத்தில்தான் ஓடும். இதைச் சோம்பேறித்தனம் என்று முதலாளிகள் நினைக்கிறார்கள். அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு.

அடுத்து, காத்திருப்பு. லோடு நாளில் ஆள் குறைவதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு ஒரு நாள், நாட்டுப்படகுக்கு ஒரு நாள் என்று முறை. அதிலும் கச்சான் காற்று பலத்தால் கடலுக்குப் போக மீன்வளத் துறை அனுமதி டோக்கன் கொடுக்காது. லோடு பதினொரு மணிக்கு வரும், சில நாள் இரண்டு மணிக்கு. உங்கள் வேன் மட்டும் காலை ஏழுக்கே ஊருக்குள் போய்விடும். நான்கு மணி நேரம் கூலியில்லாமல் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டு, பிறகு இரவு எட்டு வரை நிற்க வேண்டும் என்று தெரிந்தால் யார் வருவார்கள்? பாசி எடுக்கப் போனால் உடம்பு நோகும், பாறையில் கால் கிழியும், ஆனால் போகிற நேரமும் வருகிற நேரமும் அவள் கையில்.

முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு உங்கள் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போடுங்கள். எழுத்துச் செய்தியைப் பலர் படிப்பதில்லை, வீட்டில் போன் மகன் கையில் இருக்கும். மூன்றே செய்திதான்: முழு லோடு, அரை லோடு, லோடு இல்லை. கூடவே வேன் புறப்படும் நேரம். அரை லோடு என்றால் யார் வர வேண்டும் என்பதற்கு முறைப்பட்டியல் இருக்கட்டும், பிடித்த ஆளைக் கூப்பிடுகிற வேலை வேண்டாம். அதற்கு மேலும் காத்திருக்க நேர்ந்தால், முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகு மணிக்கணக்கில் காத்திருப்புக் கூலி கொடுங்கள். 44 பேர், இரண்டு மணி நேரம், மணிக்கு 50 ரூபாய் என்றால் 4,400 ரூபாய். கேட்டவுடன் நெஞ்சு பதறும். பதறட்டும். இப்போது அந்த 4,400 ரூபாயைத் தினமும் அந்தப் பெண்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது உங்கள் கணக்கில் ஏறினால், அடுத்த வாரமே கொள்முதல் பார்க்கிறவர் அவிக்கிற இடத்துக்குப் போன் போட்டு 'எத்தனை மணிக்கு ஏத்துறீங்க?' என்று கேட்க ஆரம்பிப்பார். தாமதத்தைக் குறைக்க முடிந்தவர் அவர் ஒருவர்தான், அவருக்கு வலிக்காதவரை அது குறையாது.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. நம் மாவட்டத்தில் நிலத்தடி நீர் உவர். காவிரி கூட்டுக் குடிநீர் வருகிற நேரமும் லாரி வருகிற நேரமும்தான் பல வீடுகளில் அன்றைய நாளை முடிவு செய்கின்றன. அந்த நேரத்தில் பெண் வீட்டில் இருந்தாக வேண்டும். உங்கள் வருகைப் பதிவேட்டை ஊர்வாரியாகப் பிரித்து, தண்ணீர் வரும் நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கம்பெனியில் ஆர்.ஓ. இயந்திரம் இருக்குமே? மணிக்கு 500 லிட்டர் தருகிற இயந்திரம் என்றால், 44 பேருக்கு ஆளுக்கு 20 லிட்டர், அதாவது 880 லிட்டர், இரண்டு மணி நேரத்துக்குள் தயார். மாலை வேனில் ஆளுக்கு ஒரு கேன். பரிசாகக் கொடுத்த வெறும் குடத்தைவிட நிறைந்த குடத்துக்கு மதிப்பு அதிகம்.

கழிப்பறைக்குப் போக ஏப்ரன், பூட்ஸ், தொப்பி கழற்றி, திரும்பி வந்து கை கழுவி எல்லாம் மாட்ட ஏழெட்டு நிமிடம் ஆகும். கிலோக் கூலியில் அது காசு. அதனால் தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள், பிறகு நீர்க்கடுப்பு, பிறகு விடுப்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மேசை மொத்தமும் பத்து நிமிடம் நிற்கட்டும். எல்லோரும் நின்றால் யாருக்கும் நஷ்டமில்லை. முதுகுச் சாய்வுள்ள ஸ்டூல், ஓடு கீறிய விரலுக்கு நீல நிறப் பிளாஸ்டர் (சதையில் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும்), கை நனைக்கிற குளோரின் தொட்டியை மக்கில் குத்துமதிப்பாக ஊற்றாமல் சோதனைத் தாள் வைத்து அளப்பது – இவை உங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பதிவேட்டிலேயே இருக்கும். கை வெந்து போகிற பெண் ஒரு மாதம்கூடத் தாங்க மாட்டாள்.

புதிதாக வருகிறவர்கள் முதல் இரண்டு வாரத்திலேயே நின்றுவிடுகிறார்களா என்று பாருங்கள். கிலோக் கூலியில் புதியவளுக்கு ஒன்றும் கிடைக்காது. சொல்லிக்கொடுக்கிற அக்காவுக்கோ சொல்லிக்கொடுக்கிற நேரமெல்லாம் நஷ்டம், அதனால் சொல்லிக்கொடுக்க மாட்டாள். இதற்கு யாருடைய குணமும் காரணமில்லை, கூலி முறைதான் காரணம். முதல் 12 வேலை நாளுக்குப் புதியவளுக்கு நாள் சம்பளம் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுப்பவளுக்கு அவளது வழக்கமான சராசரி வருமானத்தை உறுதி செய்யுங்கள்.

'சிறந்த ஊழியர்' பரிசை விட்டுவிடுங்கள். வேகக்காரிக்குக் கிலோக் கூலியே பரிசு கொடுத்துவிடுகிறது. அதற்கு மேல் ஒரு குடமும் கொடுத்தால், ஒரே ஊர், ஒரே வேன், ஒரே சொந்தம் என்று இருக்கிற கூட்டத்தில் அவளைத் தனியாகப் பிடுங்கி நிறுத்துகிறீர்கள். மற்றவர்கள் வேனில் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தால் வியப்பில்லை. பரிசு கொடுக்கத்தான் வேண்டும் என்றால் ஆறு பேர் கொண்ட மேசைக்குக் கொடுங்கள், வேகத்துக்கு வேண்டாம், ஓட்டுத் துண்டு இல்லாத சதைக்கு. புற ஊதா விளக்கின் கீழ் எடுத்த ஓட்டுத் துண்டுகளை மேசை எண் போட்ட சின்னக் கிண்ணத்தில் வைத்துச் சாயங்காலம் காட்டினால் போதும். துண்டுக்கு அபராதம் மட்டும் போடாதீர்கள். அபராதம் போட்டால், சந்தேகமான சதையை மறுபடி பார்க்கச் சொல்லி யாரும் கொண்டுவர மாட்டார்கள், அது டப்பாவுக்குள் போய் வாங்குகிறவரிடம் போய் நிற்கும்.

புகார்ப் பெட்டி வைத்திருப்பீர்கள், காலியாக இருக்கும். அதற்குப் பதில் லோடு இல்லாத நாளில் கூலியோடு கால் மணி நேரம் கூட்டம். சூப்பர்வைசர் வெளியே. கேட்டதை, பதில் சொல்லும் தேதியோடு பலகையில் எழுதுங்கள். முடியாது என்றாலும் முடியாது என்று எழுதுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் துன்புறுத்தல் புகாருக்கான உள்ளகக் குழு கட்டாயம். தலைமை ஒரு பெண், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். அது தனி, இந்தக் கூட்டத்தோடு குழப்பாதீர்கள்.

விடுப்புக்கு ஜனவரியிலேயே நாட்காட்டி போட்டுவிடலாம். ஊர் முளைப்பாரி, கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா, இரண்டு பெருநாள் எல்லாம் முன்னமே தெரிந்தவைதான். நோன்பு மாதத்தில் நோன்பு பிடிக்கிறவர்களுக்குக் காலை முறை கொடுத்து அசர் என்கிற பிற்பகல் தொழுகைக்கு முன் வேன் ஏற்றிவிடுங்கள். 

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகு நின்றாலும் நாட்டுப்படகு நண்டு கொஞ்சம் வந்துகொண்டிருக்கும். பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பாதிப் பேரை வைத்து ஓட்டினால், போன பாதி போனதுதான். 44 பேரையும் இரண்டு அணியாக்கி வாரம் மாற்றி வாரம் வரச் சொல்லுங்கள். யார் எந்தத் தேதியில் என்பதை மார்ச் கடைசி வாரத்திலேயே தாளில் கொடுத்துவிடுங்கள். முன்பணம் கொடுத்துக் கட்டிப்போடுகிற பழக்கம் இந்தக் கரையில் உண்டு. அதைச் செய்யாதீர்கள். அடைக்க முடியாதவள் ஒருநாள் சொல்லாமல் நின்றுவிடுவாள், கடன் இருப்பதாலேயே திரும்பி வரவும் மாட்டாள்.

கேக்கை நிறுத்த வேண்டியதில்லை, அது பாவம் என்ன செய்தது? விளையாட்டுப் போட்டியை மட்டும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மாற்றுங்கள். துணி துவைக்கவும் தலைக்குக் குளிக்கவும் அவர்களுக்கு இருப்பது அந்த ஒரு நாள். வேலை நேரத்தில், கூலியோடு வைத்தால் மியூசிக்கல் சேருக்கும் ஆள் வரும்.

குடம் வாங்கிய பெண் ஏன் நின்றாள் என்று இன்னும் யாரும் கேட்கவில்லை என்று தோன்றுகிறது. சூப்பர்வைசரை அனுப்பாதீர்கள். மேசையில் அவளோடு உட்கார்ந்த ஒரு அக்காவை அனுப்புங்கள், அந்த நாளுக்கான கூலியைக் கொடுத்து. கடைசியாக வந்த அன்று என்ன நடந்தது என்று மட்டும் கேட்டு வரட்டும். திரும்ப வா என்று அன்றைக்குக் கூப்பிட வேண்டாம்.

அன்புடன்.